'ரன்' என்ற ஆங்கில வார்த்தைக்கு 645 அர்த்தம் இருக்கிறதாமே, அத்தனையும் படிக்கணுமா?

வேண்டாம். ஆனால் எண்ணிக்கை உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் இந்த ஒரே வார்த்தையோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார், வினைச்சொல்லாக மட்டும் 645 தேறியது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது. அது வரலாற்று அகராதி என்பதால் வழக்கொழிந்த பொருளையும் விடாது, கொஞ்சம் நிறம் மாறினாலும் தனி எண் கொடுத்துவிடும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைகள். தானாக ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் 'ரின்னன்', குதிரையை ஓட்டுவதற்கு 'ஏர்னன்'. நம்ம ஓடு, ஓட்டு ஜோடியேதான்! நாம் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறோம், அவர்கள் காலப்போக்கில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். அதனால் ஆறும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கம்பெனியை நிர்வகித்தாலும் ரன். அப்புறம் இயந்திரங்கள் வந்தன, மோட்டார், ரயில், கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பட்டியல் நீண்டது.

படம் ஓடுது, பஸ் ஓடுது என்பதெல்லாம் நமக்குச் சுலபம். தடுக்குவது மற்ற இடங்களில்தான். கம்பெனியை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் 'நடத்துகிறோம்', அதாவது நடக்க வைக்கிறோம். துவைத்தால் நமக்குச் சாயம் போகும், அவர்களுக்கு ஓடும். தேர்தல் இன்னும் வேடிக்கை: அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்பார்.

பெயர்ச்சொல்லாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2007-ல் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் பணத்தை எடுக்க வரிசை கட்டி நின்றார்களே, அதற்குப் பெயர் 'பேங்க் ரன்', ஒருத்தரும் ஓடவில்லை. பங்குச்சந்தையில் 'புல் ரன்' என்றால் விலை ஏறிக்கொண்டே போகும் காலம்; ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-ல் சண்டை நடந்த புல் ரன், வர்ஜீனியாவில் இருக்கும் ஓர் ஓடை. அந்தப் பக்கத்து ஊர்களில் சின்ன ஓடைகளுக்கு 'ரன்' என்றே பெயர் வைப்பார்கள், பழைய 'ரின்னன்' தண்ணீர் இன்னும் வற்றவில்லை போல.

படிக்கிற வழி என்று கேட்டால், தனி வார்த்தையை மனப்பாடம் செய்யாதீர்கள், பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது, 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுவது, 'ரன் இன்டு' என்றால் மோதுவது அல்லது எதிர்பாராமல் ஒருவரைப் பார்ப்பது. ஒரு 'த' கூட ஆளைக் கவிழ்க்கும்: 'ஐ ஹேவ் ஃபிஃப்டி ரன்ஸ்' என்றால் கைதட்டுவார்கள், 'ஐ ஹேவ் த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு, ஓஆர்எஸ் பாக்கெட்டை நீட்டுவார்கள்.