ஒரு மூட்டையும் நான்கு டன்னும்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் மாடித்தோட்டம் போட்டிருக்கிறேன். இருபது க்ரோ பேக். ரசாயன உரம் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மண்புழு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், வேப்பம் புண்ணாக்கு மட்டும்தான். கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் நன்றாக வருகின்றன. தக்காளி மட்டும் காயாக இருக்கும்போதே அடிப்பாகம் கருத்து, தோல்போலச் சுருங்கிவிடுகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை. என்ன செய்வது?

இன்னொன்று. எங்கள் தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில், 2021இல் இலங்கை ரசாயன உரத்தைத் தடைசெய்து தவித்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மாடியில் உரமில்லாமல் காய்க்கும்போது அங்கே மட்டும் இயற்கை விவசாயம் எப்படித் தோற்கும், உரக் கம்பெனிகளும் வல்லரசுகளும் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள் என்று எழுதினேன். 'இங்கே செடி மட்டும், அரசியல் வேண்டாம்' என்று அட்மின் என் பதிவை நீக்கிவிட்டார். இது நியாயமா? இஸ்ரேல் – ஈரான் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்றும் எழுதியதில்லை. ஏன்?

ம.

*

அன்புள்ள ம.,

தக்காளியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டாவது பத்திக்குப் போனால் திரும்பி வருவேனா என்று சொல்ல முடியாது.

உங்கள் காய்க்கு வந்திருப்பது நுனி அழுகல். அது நோய் இல்லை. மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மண்ணில் அது இல்லை என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு மட்டுமே ஏறும். இலையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இழுவை அந்தப் பக்கம் பலம். காயிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு, அதனால் அதற்குக் கிடைப்பதும் குறைவு. பிஞ்சு பிடித்த முதல் இரண்டு வாரத்தில் பை ஒரு மதியம் சுண்டக் காய்ந்தாலே போதும், நுனித் திசு செத்துவிடும். கருப்பு நம் கண்ணுக்குப் படுவது சில நாள் கழித்து.

ஆகவே தண்ணீரைச் சரிசெய்யுங்கள். 12க்கு 12 அங்குலப் பை தக்காளிக்குப் போதாது. 15க்கு 15 வேண்டும். வெயில் காலத்தில் காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் என்று பிரித்து ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றி ஈடுகட்டுவது நடக்காது. மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 35 அல்லது 50 சதவீத நிழல்வலை. கலவையில் கோக்கோபீட் (தென்னை நார்த்தூள்) இருக்கிறதா? கட்டியை ஊறவைத்து அப்படியே கொட்டியிருந்தால் அதிலுள்ள உப்பும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்புச்சத்தோடு மல்லுக்கு நிற்கும். மூன்று முறையாவது தண்ணீர் மாற்றிப் பிழிந்திருக்க வேண்டும். இப்போது அதற்கு வழியில்லை என்றால், பையின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்படி ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

புண்ணாக்குக் கரைசலையும் காய் பிடிக்கிற நேரத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அது மட்கும்போது முதலில் வருவது அம்மோனியம். வேர் சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சுவதை அது மட்டுப்படுத்தும். இலையும் தழைத்து, இருக்கிற கொஞ்சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை, மூன்று வாரம் வேரில் ஊற்றலாம். எப்சம் உப்பு போன்ற சல்பேட்டுகளோடும் பாஸ்பேட் உரங்களோடும் அதே வாளியில் கலக்கக் கூடாது, திரிந்து அடியில் படிந்துவிடும். உங்கள் விரதம் கெடும் என்றால் இதுவே வேண்டாம். தண்ணீர் ஒழுங்கானாலே பெரும்பாலும் நின்றுவிடும். கருத்த காய் திரும்பாது, பறித்து எறியுங்கள்.

முட்டை ஓடு! அது சுண்ணாம்புக்கல்லின் தம்பி. புளிப்பான மண்ணில்கூட மெல்லத்தான் கரையும், கைப்பொடியாக உடைத்தது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்கள் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர் என்றால் வாளி விளிம்பில் வெள்ளை படிந்திருக்குமே, அதுவும் இதே சுண்ணாம்புதான். இல்லாத குறைக்குக் கரையாத மருந்து. ஆனாலும் ஊரெல்லாம் 'முட்டை ஓடு போட்டேன், நின்றுவிட்டது' என்று சாட்சி சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். இந்த அழுகல் முதல் இரண்டு கொத்தில்தான் அதிகம் வரும். வேர் பரவியதும் தானாகவே குறையும். அதற்குள் இவர்கள் ஓட்டைப் போட்டிருப்பார்கள். உலக அரசியலைப் பற்றி நம்மவர்கள் அடித்துச் சொல்லும் கருத்துகளில் பாதி, இந்த முட்டை ஓட்டுச் சாட்சிதான். உங்கள் இலங்கைக் கருத்தும் அதில் சேர்த்தி. கோபப்படாதீர்கள், மேலே படியுங்கள்.

'என் மாடியில் உரமில்லாமல் காய்க்கிறது' என்கிறீர்கள். காய்க்கவில்லை. அடுத்தவர் நிலத்து உரத்தில் காய்க்கிறது. ஒரு கிலோ தக்காளி விளைய, செடி ஏறத்தாழ 3 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும். செடிக்கு மூன்று கிலோ என்று வைத்தால் 9 கிராம். மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்றரை சதவீதம். அதிலும் ஒரு பருவத்தில் அவிழ்ந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். ஆக ஒரு பைக்கு 2 கிலோ மண்புழு உரம் போட்டால் கணக்கு நேராகிறது. இருபது பைக்கு 40 கிலோ. இரண்டு மூட்டைகூட இல்லை, ஸ்கூட்டரில் வந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அந்த உரம் எந்தச் சாணம்? அந்த மாடு தின்ற வைக்கோல் எந்த வயல்? அந்த வயலுக்கு யூரியா போட்டிருப்பார்கள். கடலைச் செடி தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் புண்ணாக்கில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) வயலில் இட்ட டிஏபி என்ற ரசாயன உரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். டிஏபிக்கு வேண்டிய பாஸ்பேட் பாறைக்கு இந்தியா மொராக்கோவையும் ஜோர்டானையும் நம்பியிருக்கிறது. காய்கறித் தோலை மக்கவைக்கிறீர்கள் என்றால் அந்தக் காய் சந்தையில் வாங்கியது. பல ஏக்கரின் சத்து முந்நூறு சதுர அடி மாடியில் வந்து குவிகிறது. ஒரு மாடிக்கு இது முடியும். நாடு முழுவதும் ஒரே நாளில் மாடியாக மாற முடியாது. எல்லோரும் அடுத்தவர் நிலத்திலிருந்து எடுத்தால் கொடுப்பது யார்?

இப்போது இலங்கை. 2019 அதிபர் தேர்தலில் நின்று வென்ற கோத்தாபய ராஜபக்ச கொடுத்த வாக்குறுதி, பத்து ஆண்டுகளில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவது. நல்ல வாக்குறுதி. பத்து வருடம் என்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. 2021 மே 6ஆம் தேதி வந்த வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) அதை ஒரே நாளாக்கியது. ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி தடை. வல்லரசுச் சதியைத் தேடி எங்கும் போக வேண்டாம். கொழும்பில் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உர இறக்குமதிக்கு மட்டும் சுமார் 26 கோடி டாலர் போயிருந்தது. அதை மிச்சப்படுத்தப் பார்த்தார்கள். மண்ணின் ஆரோக்கியம், சிறுநீரக நோய் என்று சொன்னதெல்லாம் மேலே பூசிய சந்தனம்.

கையில் பேனா இருந்தால் போட்டுப்பாருங்கள். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் அது 46 சதவீதம். 45 கிலோ மூட்டை ஒன்றில் கிட்டத்தட்ட 21 கிலோ. ஐந்து மூட்டையில் வேலை முடிந்தது. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு நான்கு டன்னுக்குச் சற்று அதிகம். ஹெக்டேருக்கு 20 டன். எல்லாச் சத்தும் அதே பருவத்தில் அவிழும் என்ற அதிசயம் நடந்தால்தான் இந்த 20. நடப்பில் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அதிசயம் நடந்ததாகவே வைத்து, பெரும்போகத்தில் (அங்கே நெல்லுக்கு முக்கியப் பருவம்) 7 லட்சம் ஹெக்டேர் என்று பெருக்குங்கள். ஒரு கோடியே நாற்பது லட்சம் டன்! ஒரு டிப்பரில் ஐந்து டன் ஏற்றினால் 28 லட்சம் நடை. அத்தனை சாணம் போட அந்தத் தீவில் மாடு எங்கே? அள்ளிச் சுமந்து இறைக்க ஆள் எங்கே?

அரசு என்ன செய்தது தெரியுமா? சீனாவின் சிங்தாவோ சீவின் நிறுவனத்திடம் இயற்கை உரம் வாங்கியது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் 20,000 டன் ஏற்றிவந்தது. தொழு உரமாகவே எண்ணினால் ஆயிரம் ஹெக்டேருக்குக் காணும். மூன்று மடங்கு சத்துள்ளது என்றே வையுங்கள், மூவாயிரம். இந்தச் சரக்குக்குத்தான் அவ்வளவு ராஜதந்திரச் சண்டை. மாதிரியில் பயிரை அழுகவைக்கும் எர்வினியா பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் துறை சொன்னது; நிறுவனம் மறுத்தது; பணத்தை நிறுத்திவைத்த இலங்கையின் மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் வைத்தது. கடைசியில் 2022 ஜனவரியில் 67 லட்சம் டாலரைக் கட்டினார்கள், உரம் இறங்கவே இல்லை. இடையில் இந்திய விமானப்படையின் இரண்டு சி-17 விமானங்கள் 100 டன் நானோ நைட்ரஜன் திரவ உரத்தைக் கொண்டுபோய் இறக்கின. உங்கள் சதிக் கதையில் சீனா யார் பக்கம், இந்தியா யார் பக்கம்? இருவரும் உரம் விற்கவும் கொடுக்கவும்தான் வந்தார்கள்.

அளவைவிட மோசம் நேரம். நெல் தூர்கட்டும்போது ஒருமுறையும் கதிர் உருவாகும்போது ஒருமுறையும் தழைச்சத்தைக் கேட்கும். யூரியா வீசினால் சில நாளில் பச்சை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மட்கு உரம் தன் இஷ்டத்துக்கு மெல்ல அவிழும். அரைகுறையாக மட்கியதைப் போட்டால் இன்னும் கேடு: அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், பயிர் மஞ்சள் பாயும். அவசரத்தில் ஊர் ஊராகக் கிளறிய உரத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். நவம்பர் 2021இல் தடையை விலக்கிக்கொண்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் யூரியா விலையோ உச்சத்தில். அந்தப் போகத்தின் நெல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ராஜபக்ச 2022இல் நாட்டைவிட்டு ஓடியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 2019 வரிக்குறைப்பு, கடன், சுற்றுலா படுத்தது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தது இந்த வர்த்தமானிதான்.

உங்கள் அட்மின் செய்தது சரியா என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார், அந்த மட்டில் சரி. செடி வேறு, அரசியல் வேறு என்று அவர் நினைப்பது தப்பு. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அன்றே பாதுகாப்புக்காகத் தன் லெவியாத்தன் எரிவாயுத் தளத்தை மூடியது. யூரியா செய்ய அந்த வாயுவை நம்பியிருந்த எகிப்தின் ஆலைகள் நின்றன. உலகச் சந்தையில் யூரியா விலை ஏறியது. தஞ்சாவூரில் மூட்டை அப்போதும் அதே 266 ரூபாய் 50 காசுதான், ஏறியதை மானியம் விழுங்கிக்கொண்டது. நம் உர மானியம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவின் யூரியா ஆலைகளுக்கும் இறக்குமதி வாயு வேண்டும். அதில் கத்தார் வாயு ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். நான் எந்தப் பக்கம் என்பதை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

நான் இயற்கை விவசாயத்துக்கு எதிரி என்று இதற்குள் முடிவுகட்டியிருப்பீர்கள். இல்லை. அந்தப் பத்து வருடத்தைக் கிழித்துப்போட்டதுதான் என் ஆத்திரம். முறையாகப் போயிருந்தால் முதல் வேலை தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். அதை விட்டு முற்றவிட்டால் தண்டு நாராகி மட்க அடம்பிடிக்கும். உழுது ஒரு வாரமாவது தண்ணீர் கட்டிவைத்துப் பிறகு நடவு. நன்றாக வந்தால் நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதிவரை இதுவே தரும், சாணம் சுமக்க வேண்டியதில்லை. யூரியாவை முதல் வருடம் கால் பங்கு குறைத்து, விளைச்சலைப் பார்த்து, அடுத்த கால் பங்கைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஹெக்டேருக்கு 50 கிலோ விதை என்றால் 7 லட்சம் ஹெக்டேருக்கு 35,000 டன் விதை வேண்டும். ஹெக்டேருக்கு அரை டன் விதை கிடைக்கும் என்று வைத்தால், விதைக்கு மட்டும் 70,000 ஹெக்டேர் ஒதுக்க வேண்டும். விதைக்காக விட்ட தக்கைப்பூண்டு முற்றிக் காய நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் அதை விதைத்து, வளர்த்து, மடக்கி உழுவது. வர்த்தமானி வந்தது மே மாதம். பெரும்போகம் தொடங்குவது செப்டம்பர் கடைசியில்.