'இளவரசி ககுயாவின் கதை' படம் ஏன் பாதி வரைந்தது போல இருக்கிறது?

கேள்வி: ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் 'இளவரசி ககுயாவின் கதை' பார்த்தேன். ஓரங்களை வெள்ளையாக விட்டிருக்கிறார்கள், கோடுகள் அறுந்து அறுந்து போகின்றன, நிறம் பல இடங்களில் ஓரம் வரை எட்டவில்லை. ஜப்பானில் அதுவரை எடுத்த அனிமேஷன் படங்களிலேயே அதிகம் செலவானது இதுதான் என்கிறார்கள். அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று?

பணம் போனதே அந்தப் பாதி வரைந்த தோற்றத்துக்காகத்தான்.

சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் பல வருடம் க்ளீன்-அப் பிரிவில் இருந்தவன் நான். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான வேலை. முதன்மை அனிமேட்டர் கரடுமுரடாக ஒரு படம் போட்டு அனுப்புவார். ஒரே முழங்கைக்கு நான்கு கோடுகள் இருக்கும். அவற்றில் சரியானதைத் தேர்ந்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் புதுத் தாளை மேலே வைத்து, ஒரே பருமனில், எங்கும் அறுபடாமல் ஒற்றைக் கோடாக இழுக்க வேண்டும். அறுந்தால் கணினியில் நிறம் நிரப்பும்போது அந்தச் சந்து வழியே வெளியே வழிந்துவிடும். யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தால்தான் தாள் அடுத்த மேஜைக்குப் போகும். முதல் ஆளின் கைவேகம், தயக்கம், பென்சிலை அழுத்திய இடம் எல்லாம் எங்களோடு முடிந்துவிடும்.

இயக்குநர் இசாவோ தகஹாட்டா அந்தக் கைவேகத்தைத்தான் திரையில் கேட்டார். அவர் தானே படம் வரைகிறவர் அல்லர். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு 1959-இல் தோயே என்கிற அனிமேஷன் நிறுவனத்துக்கு வந்தவர். அதனாலோ என்னவோ, வரைகிறவர்களே ஆசைப்படத் துணியாததை அவர் ஆசைப்பட்டார். பாத்திரங்களை வடிவமைத்து அனிமேஷனுக்குப் பொறுப்பேற்றவர் ஒசாமு தனபே. அவருடைய பென்சில் கோடு எப்படி விழுந்ததோ அப்படியே, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மறைந்தும், கடைசி வரை நிற்க வேண்டும் என்றார்கள். கோடு மூடியிராததால் நிறம் நிரப்ப வழியில்லை. ஆகவே நிறத்துக்கென்று மூடிய கோடுகளோடு தனியாக இன்னொரு தாள் வரைந்தார்கள். மற்ற படங்களில் ஒரு தாள் போதும் என்கிற இடத்தில் இங்கே ஒன்றுக்கு மேல். அதை 137 நிமிடப் படத்தின் தாள்கள் அத்தனைக்கும் பெருக்கிப் பாருங்கள்.

பின்னணிகளும் அப்படித்தான். கலை இயக்குநர் கசுவோ ஓகா 'என் அண்டை வீட்டு டோடோரோ' படத்தின் அடர்பச்சைக் காடுகளைத் தீட்டியவர். ஒவ்வொரு இலைக்கும் நிழல் வைக்கத் தெரிந்த அந்த மனிதர் இங்கே வெளிறிய நீர்வண்ணத்தில் நாலு மூங்கிலைத் தொட்டுவிட்டு மிச்சத் தாளை வெறுமையாக விட்டிருக்கிறார். பாத்திரத்தையும் பின்னணியையும் ஒரே கை ஒரே தாளில் வரைந்தது போல் தெரிய வேண்டும் என்பது நோக்கம். வழக்கமான அனிமேஷனில் தட்டையாக நிறமடித்த மனிதர்கள் நுணுக்கமாகத் தீட்டிய காட்டின் முன்னால் ஒட்டவைத்தாற்போல் நிற்பார்கள். பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு அது உறுத்துவதில்லை. தகஹாட்டாவுக்கு உறுத்தியது. ஜப்பானின் பழைய ஓவியச் சுருள்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் அவர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செலவு சுமார் 500 கோடி யென். ஜப்பானில் வசூல் அதில் ஏறக்குறைய பாதி. ஜிப்லியின் இன்னொரு இயக்குநரான மியசாகியின் 'காற்று எழுகிறது' படத்தோடு சேர்ந்தே 2013 கோடையில் வருவதாக இருந்தது. முடியாமல் இழுத்து நவம்பர் 23-க்குத் தள்ளிப்போயிற்று. தகஹாட்டாவின் முந்தைய முழுநீளப் படம் 1999-இல் வந்தது. பதினான்கு வருடம் இடைவெளி விட்ட இயக்குநருக்கு இப்படிப் பணம் கொடுப்பது எந்த வணிகக் கணக்கிலும் அடங்காது. நிப்பான் தொலைக்காட்சியின் தலைவராக இருந்த செய்இச்சிரோ உஜியே, தகஹாட்டாவின் படம் இன்னும் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பின்னால் நின்றார். அவர் 2011-இல் காலமானார். முடிந்த படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு என்பதுதான் உங்கள் கேள்வியின் மறுபாதி. கதைக்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லையென்றால் இதெல்லாம் வீண் ஜம்பம். சம்பந்தம் இருக்கிறது.

மூலம் 'மூங்கில் வெட்டுபவரின் கதை'. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது, எழுதியவர் பெயர் தெரியாது. கெஞ்சி என்கிற இளவரசனைப் பற்றிய பதினோராம் நூற்றாண்டு ஜப்பானிய நூலான 'கெஞ்சிக் கதை'யே இதைக் கதைகளுக்கெல்லாம் மூதாதை என்று குறிப்பிடுகிறது. மூங்கில் வெட்டும் கிழவனுக்கு ஒளிவிடும் மூங்கிலுக்குள் விரலளவு பெண் கிடைக்கிறாள், அவள்தான் ககுயா. மூன்றே மாதத்தில் வளர்ந்துவிடுகிறாள். மூங்கிலில் பொன் கிடைத்துக் கிழவன் செல்வந்தனாகிறான். ஐந்து பிரபுக்கள் பெண் கேட்டு வருகிறார்கள். கிடைக்காத பொருள்களைக் கொண்டுவரச் சொல்லி ஐவரையும் விரட்டுகிறாள். மன்னரையும் மறுக்கிறாள். எட்டாம் மாதத்துப் பௌர்ணமியன்று நிலவுலகத்தார் வந்து அழைத்துப்போகிறார்கள். ஏதோ குற்றம் செய்ததால்தான் அவள் பூமிக்கு அனுப்பப்பட்டாள் என்று ஒரு வரி வரும். என்ன குற்றம் என்று கதை சொல்லாது.

தகஹாட்டாவைப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரி. தோயேயில் புதிதாகச் சேர்ந்திருந்த காலத்தில் இந்தக் கதையைப் படமாக்கும் யோசனை அங்கே எழுந்து, ஊழியர்களிடம் கருத்துக் கேட்டார்களாம். அந்தப் படம் நடக்கவில்லை. கேள்வி மட்டும் அவரிடம் அரை நூற்றாண்டு தங்கிவிட்டது. அவர் கண்டுகொண்ட விடை எளிமையானது. பூமிக்குப் போய்வந்த ஒருத்தி நிலவில் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு, இவளும் பூமிக்கு ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதே குற்றம். ஆசைப்பட்ட இடத்துக்கே அனுப்பி, அங்கே வாழ முடியாமல் செய்வது தண்டனை.

அப்படியானால் பூமி ஆசைப்படத் தக்கதாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் மூலத்தில் சில வரிகளில் முடிந்துபோகும் குழந்தைப் பருவத்தை இவர் விரித்து விரித்துக் காட்டுகிறார். கிழவி, குழந்தைக்குப் பால் கொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். வழியில் அவளுக்கே பால் சுரந்துவிடுகிறது. வெட்கமும் வியப்புமாக அவள் முந்தானையை ஒதுக்கும் அந்த இடத்தில் பின்னணி என்று பெரிதாக எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

தவழும் காட்சியை என்னால் சாதாரணப் பார்வையாளனாகப் பார்க்க முடிவதில்லை. குழந்தை ஒரு தவளையைப் பார்க்கிறது. அதைப் போலவே தாவப் பார்க்கிறது. தவழத் தவழ நம் கண்ணெதிரிலேயே ஒரு சுற்றுப் பருக்கிறது. எழுந்து நிற்கிறது. வேலிப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் 'மூங்கில் குருத்தே, மூங்கில் குருத்தே' என்று கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் கிழவன் 'இளவரசி, இங்கே வா' என்று முகம் சிவக்கக் கத்துகிறான். குழந்தை இருபுறமும் பார்த்துத் தள்ளாடுகிறது. கடைசியில் கிழவன் பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டு அழுகிறான். கைக்குழந்தையின் தொடையை அனிமேஷனில் காட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சுத்தமான ஒற்றைக் கோட்டில் இழுத்தால் அது ரப்பர் பொம்மை. தனபேயின் கோடு தொடைமடிப்பில் அழுந்தி, முழங்காலில் காணாமல் போய், குதிகாலில் மறுபடி வருகிறது. மிச்சத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. முடிக்காமல் விட்டதால்தான் அந்தக் குழந்தைக்கு எடை இருக்கிறது.

பிறகு தலைநகரம், மாளிகை, சகாமி என்கிற ஆசிரியை. புருவத்தைப் பிடுங்க வேண்டும், பல்லுக்குக் கறுப்பு பூச வேண்டும், ஓடக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. பிரபுகுலப் பெண்களுக்கும் வியர்க்குமே, சிரிப்பு வருமே என்று ககுயா கேட்கிறாள். வராது என்கிறாள் சகாமி. இங்கே படத்தில் நேர்கோடுகள் வந்துவிடுகின்றன: தூண், திரை, பாயின் விளிம்பு, அடுக்கடுக்கான பட்டின் மடிப்பு. பெண்ணே சுத்தம் செய்யப்பட்ட கோடாகிறாள்.

உங்கள் கேள்விக்கு ஒரே காட்சியில் பதில் வேண்டுமென்றால் பெயர்சூட்டு விருந்தைப் பாருங்கள். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். குடித்த ஆண்கள் வெளியே அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். அப்பா கெஞ்சிச் சமாளிக்கிறார். கையில் இருந்ததை நசுக்கிவிட்டுப் புறப்படுகிறாள். கதவுகள் தெறிக்கின்றன. ஓட ஓட மேலாடைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் விழுகின்றன. கோடு கரித்துண்டால் கிழித்தாற்போல் ஆகிறது. முகம் முகமாக இல்லை. நிலவும் மரமும் அவளும் ஒரே கீறல். அந்த ஓட்டத்தில் ஏதாவது ஒரு தாளைத் தனியே எடுத்தால் குப்பை. வேகத்தில் பார்க்கும்போது, இத்தனை வருடம் பார்த்த அனிமேஷனில் இவ்வளவு கோபமான ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. இதற்குத்தான் கோட்டைச் சுத்தப்படுத்தாமல் வைத்திருந்தார்கள். முதலிலிருந்தே பளபளப்பாக வரைந்த படத்தில் இந்த இடம் மட்டும் கிறுக்கலாக மாறினால் வித்தை காட்டியது போலிருக்கும். இங்கே அவளுடைய கோடு தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

ஐந்து பிரபுக்களின் பகுதி எனக்குச் சற்று நீளம். ஒரு நல்ல மாற்றம் உண்டு. பிரபுக்கள் ஒவ்வொருவரும் அவளை ஏதோ ஓர் அரிய பொருளுக்கு ஒப்பிட்டு வர்ணிக்கிறார்கள். அப்படியானால் அதையே கொண்டுவாருங்கள் என்று அவர்கள் வாயாலேயே அவர்களை மடக்குகிறாள். மூலத்தில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் புத்தரின் கல் பாத்திரத்தைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்று வருடம் ஒளிந்திருந்து, ஜப்பானிலேயே யமத்தோ பகுதி மலைக்கோயில் ஒன்றிலிருந்து கரி பிடித்த பாத்திரத்தை எடுத்து வருவார். படத்தில் அவரே காட்டுப் பூ ஒன்றை நீட்டி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று உருகுகிறார். ஐவரில் அவள் மனம் அசைவது அந்தப் பொய்க்குத்தான். மூலத்தை விட இது கூர்மை.

மன்னரைப் பற்றிய மாற்றம் அப்படி இல்லை. மூலத்தில் அவர் முதலில் வலிந்து வந்தாலும் பிறகு மூன்று வருடம் கடிதம் எழுதிக்கொள்ளும் கண்ணியமான மனிதர். அவள் விட்டுச்சென்ற சாகாமருந்தை மலையுச்சியில் எரிக்கச் சொல்வார். ஃபுஜி மலையின் புகைக்கு அதுதான் காரணம் என்று கதை முடியும். படத்தில் அவர் நீண்ட முகவாயோடு பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடிக்கும் ஆள். அந்தக் கணத்தில் அவள் தன்னையறியாமல் நிலவைக் கூப்பிட்டுவிடுகிறாள் என்பது கதைக்குத் தேவைதான். அதற்காக இத்தனை கேலிச்சித்திரம் வேண்டாம். மூலத்தில் இல்லாத சுதேமாரு என்கிற மலைவாசி இளைஞனோடு அவள் வானில் பறக்கும் காட்சியும் எனக்கு ஒட்டவில்லை. மனைவியும் குழந்தையும் பக்கத்தில் இருக்கும்போது அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவரத் தயாராவதைப் படம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது.

நிலவுலகத்தார் வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். இறப்பவரை அழைத்துப்போக அமிதாப புத்தர் மேகத்தில் இறங்கிவரும் பழைய பௌத்த ஓவியங்களின் அமைப்பு அது. யாரும் எதிர்பார்ப்பது சோக இசை. ஜோ ஹிசாய்ஷி கொடுத்திருப்பது தாளம் துள்ளும் விழாப் பாட்டு. கவலையே தெரியாதவர்களின் இசை அப்படித்தான் இருக்கும் என்பது தகஹாட்டாவின் எண்ணம். எய்த அம்புகள் பூக்களாகின்றன. வந்தவர்களின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பூமி அழுக்கானது, இந்த ஆடையைப் போர்த்திக்கொண்டால் எல்லாம் மறந்துவிடும் என்கிறார்கள். இல்லை, அழுக்கு அல்ல என்று ககுயா பேச ஆரம்பிக்கும்போதே ஆடை தோளில் விழுந்துவிடுகிறது. குறையில்லாமல் முடிக்கப்பட்ட உலகம் எது என்பதைப் படம் அங்கேதான் காட்டுகிறது. அதற்கு முன்பு பார்த்த அறுந்த கோடுகளும் எட்டாத நிறமும் எந்தப் பக்கம் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

2018-இல் தகஹாட்டா காலமானார். இதுவே அவருடைய கடைசிப் படம். ஆஸ்கர் பரிந்துரை வரை போய் விருது கிடைக்காமல் திரும்பியது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள், வசனத்துக்குக் கீழ்வரிகள் இருக்கின்றன. அங்கே வழக்கமாகப் படத்தை வரைந்துவிட்டுத்தான் குரல் சேர்ப்பார்கள். இதில் குரல்களை முன்கூட்டியே பதிவு செய்து, அவற்றைக் கேட்டுக் கேட்டு வரைந்தார்கள். கிழவனுக்குக் குரல் கொடுத்த தகேயோ சீ படம் வெளிவருமுன்பே, 2012-இல், இறந்துவிட்டார். குழந்தைகளோடு பார்ப்பதென்றால் தலைநகரத்துக்குப் போகும் வரை அவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு எழுந்து விளையாடப் போனால் தடுக்காதீர்கள்.