அப்பா போன பிறகு வீடு யாருக்கு? – கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவுகள் அனுப்பிய வீட்டுத் தகராறு கேள்விகளுக்கு, சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீலாக என் பதில்கள் இவை. எல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சொல்வது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விதிகள் வேறு.

பென்னாகரம் சகோதரி: அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லை. காரியம் முடிந்த கையோடு தம்பி, "உனக்குத்தான் 1985-லேயே நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, கையெழுத்துப் போடு" என்கிறான். எனக்குப் பங்கே இல்லையா ஐயா?

உண்டு அம்மா. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒன்று. எந்த வருடம் கல்யாணம், எத்தனை பவுன் என்ற கணக்கே இதில் வராது. 1989-க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஊரில் சொல்வது பூர்வீகச் சொத்து பற்றிய பழைய விதி. 2005 திருத்தமும், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அங்கேயும் மகளைப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கிவிட்டன. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

தம்பி நீட்டும் காகிதம் என்னவென்று முழுக்கப் படியுங்கள். பட்டா மாற்ற, கரண்ட் பெயர் மாற்ற என்று சொல்லி வாங்குவது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அது பதிவாகிவிட்டால் உங்கள் பங்கு போனது போனதுதான். துக்க வீட்டில் யாரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், யாரையும் போடவும் சொல்லாதீர்கள். ஆறு மாதம் பொறுத்தால் யார் பங்கும் குறைந்துவிடாது. என்னைக் கேட்டால், மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கிவிட்டு, அம்மா காலம் வரை அவர் அந்த வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும்.

அரூர் தம்பி: அண்ணன் தன் பெயரில் மட்டும் பட்டா வாங்கிவிட்டு வீட்டை விற்கப் பார்க்கிறார்.

பட்டா மட்டும் வைத்து யாரும் முழு உரிமையாளர் ஆகிவிட முடியாது. அரூரிலேயே கோட்டாட்சியர் இருக்கிறார், அவரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். கூடவே சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கும் போடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். தாமதம் வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: தாத்தா பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருக்கிறது. செல்லுமா?

செல்லும். 1965 வரை நம் பகுதி சேலத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-இல். வில்லங்கம் பார்க்கும்போது பழைய சர்வே எண்ணையும் இப்போதைய உட்பிரிவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு சகோதரி: வீட்டுக்காரர் தவறிவிட்டார். இரண்டு பிள்ளைகள். மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். "இனி உனக்கு இங்கே என்ன வேலை" என்கிறார் கொழுந்தனார்.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை அம்மா. முதலில் ஒன்று: வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரிய பாடு.

மாமனார் உயில் எழுதாமல் உங்கள் கணவருக்கு முன்பே இறந்திருந்தால் உங்கள் கணவரின் பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் சேரும். மாமனார் உயிரோடு இருந்தால் இப்போது பங்கு கேட்க முடியாது. ஆனால் தங்கும் உரிமை உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அதைத் தருகிறது. கணவர் இறந்த பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மிரட்டினால் 181-க்குக் கூப்பிடுங்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் விடுபடாமல் பாருங்கள்.

ஊத்தங்கரை: ஒரு ஆங்கிலப் படம் பார்த்தேன் அண்ணா. அப்பா விட்டுப்போன வீட்டை, கட்ட வேண்டாத வரிக்காக ஏலம் விட்டுவிடுகிறார்கள். இழந்தவளும் பாவம், ஏலத்தில் எடுத்தவரும் பாவம். இங்கே அப்படி நடக்குமா?

வரி பாக்கிக்குச் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விட இங்கேயும் வழி உண்டு, 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஆனால் முதலில் நோட்டீஸ் வர வேண்டும். ஏலம் நடந்துவிட்டாலும் 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அந்தப் பெண் வந்த கடிதங்களைப் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தாள், பார்த்தீர்களா? இழப்பில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், குறை சொல்ல முடியாது. அதனால் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அப்பா பெயருக்கு வரும் தபாலைப் பிரித்துப் பாருங்கள். அப்புறம் பஞ்சாயத்து ஆபீஸில் வீட்டு வரி ரசீதை வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.