கோட்டாவில் போக என்ன வெட்கம்?

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தேன். பெறுபேறு வந்துவிட்டது, இனி பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வேண்டும். முகாமைத்துவம் அல்லது கணக்கீடு படிக்க ஆசை. எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது, எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று குழப்பமாக இருக்கிறது. கொழும்பில் இருக்கும் அத்தை மகன், "உங்களுக்கென்ன, நுவரெலியா வெட்டுப்புள்ளி. எங்களைவிடக் குறைய எடுத்தாலும் கெம்பஸ் போயிருவீங்க" என்கிறார். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் குறைந்தபட்ச அனுமதிப் புள்ளியைத்தான் அப்படிச் சொல்கிறார். மாவட்டக் கோட்டாவில் போக வெட்கமாக இருப்பதால் ஜயவர்தனபுரவையும் கொழும்பையும் மட்டும் போடலாம் என்று யோசிக்கிறேன். திறமையில் கிடைத்தால் போகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம். கொழும்பு நல்லதா, களனி நல்லதா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கொழும்பா களனியா என்பதை விடு. இரண்டிலும் படித்து உருப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நேரத்தைக் கழித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பட்டியலுக்கு வருகிறேன். உண்மையில் எந்த வரிசையில் ஆசைப்படுகிறாயோ அந்த வரிசையிலேயே போடு. மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, உன் புள்ளிக்கு எட்டும் முதல் பாடநெறியைத்தான் தருவார்கள். எட்டாத ஒன்றை மேலே எழுதினாய் என்பதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. ஜயவர்தனபுர, கொழும்பு, களனி மேலே இருக்கட்டும். அப்புறம் பேராதனை, யாழ்ப்பாணம், பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ. அதற்கும் கீழே வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம், அதன் திருகோணமலை வளாகம், ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வவுனியா. போன வருட வெட்டுப்புள்ளிகளில் உன் மாவட்டத்துக்கு நேரே உள்ளதைப் பார்த்துக்கொள். அது வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும். எனவே உன் புள்ளிக்கு நன்றாகக் கீழே இருப்பவையும் பட்டியலில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் வெளியே உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே ஏஏடி, சீஏ என்ற கணக்கியல் தொழில்சார் பரீட்சைகள் எழுதும் வழியும் இருக்கிறது.

சரி, இனி உன்னைத் திட்ட வேண்டும்.

"திறமையில் கிடைத்தால் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாசித்தாயா? வாசித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். உன் பிரிவின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கும். மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. 55 சதவீதத்தில் கொழும்பு மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. உன் அத்தை மகன் பல்கலைக்கழகம் போயிருந்தால், அவரும் மாவட்டக் கோட்டாவில் போயிருக்கக்கூடும். கேட்டுப் பார். மேலும், எனக்குக் கோட்டா வேண்டாம் என்று எழுத விண்ணப்பத்தில் இடமே கிடையாது. இரண்டே இரண்டைப் போட்டாலும் அதிலும் கோட்டா உண்டு. உன் ரோஷத்தால் நடக்கப்போவது ஒன்றுதான்: கிடைக்க வேண்டியது உனக்குக் கிடைக்காமல் போகும்.

கணக்கீடு படித்த பிள்ளைதானே நீ, ஆரம்ப மீதி என்றால், கணக்கைத் தொடங்கும்போதே கையில் இருப்பது என்று உனக்குத் தெரியும். இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். நடுவில் போன முப்பது வருடத்தை எந்த ஏட்டில் பதிவது? பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி ஒரே பரீட்சையை எழுதியவர்களுக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்று மட்டும் சொல்லும். எங்கிருந்து கிளம்பினாய் என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அக்கா இருந்தார். அவருடைய அம்மா பறிக்கும் தேயிலைக் கொழுந்தை நாளுக்கு நாள் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். காலை நிறுவை, பகல் நிறுவை, தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழித்த கிலோ, எல்லாம் தனித்தனியாக. சம்பள நாளில் சம்பளத் துண்டை வாங்கிக் கொப்பியோடு வைத்துப் பார்த்து, எங்கே குறைகிறது என்று சொல்வார். மற்ற வீட்டுக்காரர்களும் துண்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். பதினான்கு வயதிருக்கும். அந்த வருடமே கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு என்ன வெட்டுப்புள்ளி போடுவது?

மாவட்டக் கோட்டா குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. 1974இல் அது வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இடம் இழந்தார்கள். அந்தக் காயம் உண்மையானது. மலையகத்திலும் கோடு கோணலாகத்தான் விழுந்திருக்கிறது. கண்டி மாவட்டம் அந்தப் பதினாறில் இல்லை. தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு போட்டி போட வேண்டும். யட்டியாந்தோட்டைப் பிள்ளைக்குக் கேகாலை மாவட்டத்திலும் அதே கதை. லயம் ஒன்றுதான், சம்பளம் ஒன்றுதான், மாவட்ட எல்லை மட்டும் வேறு. வெளியூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நுவரெலியாப் பாடசாலைகளில் பதிந்து, உங்கள் வெட்டுப்புள்ளியில் நுழைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். உனக்குக் கோபம் வர வேண்டியது அங்கே. நீயோ வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறாய்.

போகிற இடத்தில் முகாமைத்துவப் பட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். வெட்டுப்புள்ளியை யாரும் கேட்க மாட்டார்கள், முதல் விரிவுரை விளங்கியதா என்பதுதான் பிரச்சினையாக இருக்கும். கெம்பஸ் திறக்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலம் படி. விடுதி, சாப்பாடு எல்லாம் போனால் பழகிவிடும். மஹபொல புலமைப்பரிசிலுக்கு மறக்காமல் விண்ணப்பி.

பட்டியலை நிரப்பியதும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். இரண்டு வரியில் முடித்து அனுப்பினால் பதில் எழுத மாட்டேன்.