மெதுவாகிப்போன லேப்டாப்: ஆன்டிவைரஸும் ‘கிளீனரும்’ உதவுகின்றனவா, தடுக்கின்றனவா?

கேள்வி: 2018-இல் வாங்கிய லேப்டாப் என்னிடம் இருக்கிறது. ஐ3 ஏழாம் தலைமுறை புராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வங்கிக் கணக்கு பார்க்கவும், மின்கட்டணம் கட்டவும், பேத்தியுடன் வீடியோவில் பேசவும் பயன்படுத்துகிறேன். மெதுவாக இருக்கிறதே என்று ஒரு கடையில் கொடுத்தேன். லேப்டாப்புடன் வந்த ஆன்டிவைரஸ் இருக்கும்போதே இன்னொன்றைப் பணம் வாங்கிக்கொண்டு போட்டார்கள். கூடவே ‘கிளீனர்’ ஒன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். அது தினமும் ‘1,247 பிழைகள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. லேப்டாப்போ முன்பைவிட மெதுவாகிவிட்டது. இவற்றை எடுத்துவிட்டால் வங்கிப் பணத்துக்கு ஆபத்து வருமா? — ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்.

பதில்: கிளீனரை இன்றே நீக்கிவிடலாம், அதனால் உங்கள் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ்களையும்கூட நீக்கலாம், ஏனென்றால் விண்டோஸுக்குள்ளேயே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆனால் இவற்றை நீக்குவதால் மட்டும் உங்கள் லேப்டாப் புதிதுபோல் ஓடும் என்று சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. தாமதத்தின் வேர் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. கடைக்காரர் போட்டுக் கொடுத்தவை அந்தப் பலவீனத்தின் மீது மேலும் சுமை ஏற்றியிருக்கின்றன.

இதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லேப்டாப்பை இயக்கி, திரை வந்தவுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாகத் திறந்தால் கீழே உள்ள ‘மோர் டீட்டெயில்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அங்கே ‘டிஸ்க்’ என்ற பத்தியின் தலையில் 100% என்று பல நிமிடங்கள் நிற்பதைக் காண்பீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால், டிஸ்கை அதிகம் பயன்படுத்தும் நிரல்கள் மேலே வரும். உங்களுடையதைப் போன்ற லேப்டாப்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இதுதான்: டிஸ்க் 100%, ஆனால் அது படிக்கும் தரவோ விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே. முழு மூச்சாக உழைக்கிறது, ஆனால் வேலை நகரவில்லை.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழலும் தட்டுகளைக் கொண்டவை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவிநாடி ஆகிறது; படிக்கும் முனை தட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதற்கு அதற்கு மேலும் நேரம் பிடிக்கிறது. ஆகவே தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது, விநாடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் தொட முடிவதில்லை. ஹார்டு டிஸ்குக்கு மாற்றாக வரும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே ஒரு விநாடியில் பல ஆயிரம் இடங்களைத் தொட்டு வந்துவிடும்.

இப்போது ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு வேர்டு கோப்பை டபுள் கிளிக் செய்கிறீர்கள். அந்தக் கோப்பு மட்டுமல்லாமல் வேர்டு நிரலும், அது அழைக்கும் எழுத்துருக்களும், துணைக் கோப்புகளும் என்று எத்தனையோ கோப்புகள் அடுத்தடுத்துத் திறக்கப்படுகின்றன. விண்டோஸின் கோப்பு அமைப்புக்கு நடுவில் ஆன்டிவைரஸ் தன் வடிகட்டி ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் திறக்கும் தறுவாயில் அது குறுக்கே நின்று, தான் அறிந்த தீங்கு நிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வழி விடுகிறது. ஏற்கெனவே பார்த்து, மாறாமல் இருக்கும் கோப்பை மறுபடி முழுதாகப் பார்க்காமல் விடும் அளவுக்கு அதற்கு நினைவும் உண்டு. இந்தச் சோதனை தேவையானது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் இது நடப்பதே நமக்குத் தெரியாது. ஆனால் உங்கள் லேப்டாப்பில் இரண்டு காவலர்கள் ஒரே வாசலில் நின்று ஒரே பையைத் தனித்தனியாகத் திறந்து பார்க்கிறார்கள். சில நேரங்களில் ஒன்று பிடித்துவைத்த சந்தேகக் கோப்பையே மற்றொன்று வைரஸ் என்று எச்சரிப்பதும் உண்டு. இரண்டும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் ரேமை 4 ஜிபியிலிருந்து கழித்தால் பிரவுசருக்கு மிஞ்சுவது சொற்பமே. ரேம் போதாதபோது விண்டோஸ் தன் நினைவின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைக்கும். அதாவது சுமை மீண்டும் அதே ஹார்டு டிஸ்கின் தலையில்தான் விழுகிறது.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது உண்மையில்லை. ஒன்று போதும்; அந்த ஒன்று முறையாக அப்டேட் ஆக வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடன் இலவசமாகவே சேர்ந்து வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேறு ஆன்டிவைரஸை நீக்கியவுடன் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும். டிஃபெண்டர் தொடக்க காலத்தில் சோதனைகளில் பின்தங்கி இருந்தது என்பதால் ‘இலவசமாக வருவது எதற்கும் உதவாது’ என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனை நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் வெளியிடும் பட்டியல்களில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாகவே நிற்கிறது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதும் புதிய நிரல்களை நிறுவும்போதும் அதுவும் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் பல கணினிகளுக்குச் சேர்த்து ஒரே உரிமம், குழந்தைகள் பார்ப்பவற்றுக்குக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் தேவைப்படுவோர் கட்டண ஆன்டிவைரஸ் வாங்குவதில் பொருள் இருக்கிறது. உங்கள் பயன்பாட்டுக்கு அது தேவையில்லை.

கிளீனரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தச் சிவப்பு எண் உங்களை எவ்வளவு அச்சுறுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த 1,247-இல் ஒன்றைத் திறந்து பாருங்கள். என்றோ நீக்கிவிட்ட பிரிண்டர் மென்பொருள், ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புப் பேரேட்டில் விட்டுச் சென்ற ஒற்றை வரியாக அது இருக்கலாம். ஓர் இணையதளம் விட்டுச் சென்ற, குக்கீ எனப்படும் சிறு குறிப்புக் கோப்பாக இருக்கலாம். இவை பிழைகளே அல்ல. விண்டோஸ் அந்தப் பேரேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. தனக்கு வேண்டிய வரியைப் பெயரைக் கொண்டு நேராகத் தேடி எடுக்கிறது. எனவே பயனற்ற ஆயிரம் வரிகளை நீக்கினாலும் நீங்கள் உணரத்தக்க வேக மாற்றம் ஏதும் வராது. தவறான ஒரு வரி நீங்கினால் கேடு வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், இப்படியொரு கிளீனர் ரெஜிஸ்ட்ரியைச் ‘சுத்தம்’ செய்த மறுநாள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை. அதை விண்டோஸோடு இணைக்கும் நிரலான டிரைவரைத் தேடிப் பிடித்து மீண்டும் நிறுவ எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

இல்லாத பிழையைக் காட்டி விற்பது எங்கோ ஒரு சிறு கடையின் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஆஃபிஸ் டிப்போ என்ற பெரிய விற்பனைச் சங்கிலியின் கடைகளில், ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சோதனை பல ஆண்டுகள் இலவசமாகச் செய்யப்பட்டது. கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுவிடுகிறதா என்பன போன்ற நான்கு கேள்விகள் தொடக்கத்திலேயே கேட்கப்படும். அவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலே, கணினியை உண்மையில் சோதிக்காமலேயே, தீங்கு நிரலின் அறிகுறிகள் தென்படுவதாக முடிவு வந்துவிடும். அதை நம்பி மக்கள் நூற்றுக்கணக்கான டாலர்களைப் பழுதுநீக்கலுக்குக் கொடுத்தார்கள். அந்நாட்டின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் அந்நிறுவனமும் மென்பொருளை வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

நேர்மையாக நடத்தப்படும் கிளீனரிலும் ஓர் ஆபத்து உண்டு. கணினியின் எல்லா மூலைகளுக்கும் சென்று அழிக்கும் அதிகாரத்தை நாம் அதற்குக் கொடுத்துவிடுகிறோம். உலகெங்கும் பரவலாகப் பயன்பட்ட சிசிகிளீனரின் 5.33 பதிப்பு 2017 ஆகஸ்டில் வெளியானபோது, தயாரிப்பு நிலையிலேயே ஊடுருவியவர்கள் அதனுள் தீங்கு நிரலைப் புகுத்தியிருந்தார்கள். நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையொப்பத்துடனேயே அது ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்ய வந்ததன் வழியாகவே நோய் நுழைந்தது என்பதை எண்ணும்போது, தேவையற்ற எந்த மென்பொருளுக்கும் இந்த அதிகாரத்தைத் தரக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய கிளீனர்களில் வரும் ‘ரேமை விடுவிக்கிறேன்’ என்னும் பொத்தான் வெறும் கண்துடைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் தரவை அது ரேமிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றுகிறது. காலி இடம் கூடியதாக எண் காட்டும். அடுத்த முறை நீங்கள் பிரவுசரைத் தொட்டவுடன் அதே தரவை டிஸ்கிலிருந்து மீண்டும் இழுத்துவர வேண்டியிருக்கும். பார்த்த பக்கங்களின் நகலைப் பிரவுசர் சேமித்து வைக்கும் கேச்சைத் தினமும் அழிப்பதும் அப்படியே: பார்த்த பக்கமே மறுபடி முழுதாக இறங்கும். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வருபவற்றையும் தொடாதீர்கள். தேவையானவற்றைப் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும்.

டிஸ்க் நிரம்பி வழியும் நிலையில் மட்டும் சுத்தம் செய்வது உண்மையாகவே உதவும், ஏனென்றால் இடமில்லாவிட்டால் அப்டேட்கள்கூட இறங்காது. அதற்கு செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ் என்று போனால் தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதில் மட்டும் டிக் போடாதீர்கள். மின்கட்டண ரசீது முதல் பேத்தி அனுப்பிய படம் வரை அங்கே இருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளியில் ஒரு பென் டிரைவிலோ டிஸ்கிலோ நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியில் கிளீனரை நீக்குங்கள். அடுத்து இரண்டு ஆன்டிவைரஸ்களையும் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் இப்படி நீக்கிய பின்னும் மிச்சத்தை விட்டுச் செல்லும். அவற்றை எடுக்கும் தனிக் கருவியை அந்தந்த நிறுவனமே தன் இணையதளத்தில் வைத்திருக்கும். இறுதியாக விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, கேடயச் சின்னத்தில் பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற பெயர் டிஸ்கை நிறையப் பயன்படுத்துவது தெரியும், அதுதான் டிஃபெண்டர். முதல் சோதனையை முடிக்கட்டும், நிறுத்தாதீர்கள். அதே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவலில், கணினியோடு தாமாகவே எழும் நிரல்களில் உங்களுக்குத் தேவையற்றவற்றை டிஸேபிள் செய்துவிடுங்கள்.

கையில் சிறிது பணம் இருந்தால் அதை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள். இதைப் போல் பலன் தரும் செலவு வேறில்லை. பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்து மாற்றித் தருமாறு கேளுங்கள். கழற்றிய டிஸ்கை வாங்கிவந்து, யுஎஸ்பி உறையில் போட்டுப் படங்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம். ரேமை 8 ஜிபி ஆக்க முடியுமா என்பது காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதையும் அப்போதே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வங்கிப் பணத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஆன்டிவைரஸைவிட முக்கியமானது விண்டோஸ் அப்டேட்தான். 2017 மே மாதம் உலகை உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற தீங்கு நிரல், மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே அடைத்திருந்த ஓட்டை வழியாகவே, அப்டேட் செய்யாத கணினிகளில் நுழைந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் புராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. ஆகவே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் இணையும் வாய்ப்பு காட்டப்பட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு சேர்ந்துகொள்ளுங்கள். அந்த அப்டேட்களும் நின்றுபோன பிறகு இந்த லேப்டாப்பில் வங்கி வேலை வேண்டாம். பேத்தியுடன் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அழைத்து, கணினியைச் சரிசெய்வதாகச் சொல்லி தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்றவற்றை நிறுவச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நீங்களே அனுமதி கொடுத்துவிட்டால் எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கடையில் போட்ட ஆன்டிவைரஸுக்கோ கிளீனருக்கோ உங்கள் கார்டு எண்ணையோ யுபிஐ ஆட்டோபேயையோ கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மென்பொருளை நீக்கினாலும் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டு ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள்.