பேட்ச் ஃபைலும் அட்மின் அனுமதியும்

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஒரு சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) நிறுத்தி பேக்கப் எடுக்கும் பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்டை) டபுள் கிளிக் செய்தால் 'ஆக்சஸ் இஸ் டினைடு' வருகிறது. ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டினால் ஃபைல்களைக் காணோம் என்கிறது. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு தனிச் சிக்கல்கள். அட்மின் கணக்கில் நுழைந்திருந்தாலும், யுஏசி (முக்கிய மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்கும் விண்டோஸ் பாதுகாப்பு) இருப்பதால் புரோகிராம்கள் பொதுவாக சாதாரண அனுமதியோடுதான் தொடங்கும். ஸ்கிரிப்டிலிருந்தே அனுமதி கேட்க, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் 'ஸ்டார்ட்-பிராசஸ்' கட்டளையில் 'வெர்ப்' மதிப்பாக 'ரன்அஸ்' கொடுங்கள். 'வெயிட்' சேர்க்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் வேலை முடியும் முன்பே அடுத்த வரி ஓடிவிடும்.

ஃபைல் காணாமல் போவதற்குக் காரணம், அட்மினாகத் திறந்ததும் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரில் நிற்பதுதான். முதல் வரியிலேயே 'சிடி /d' கட்டளையால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு வந்துவிடுங்கள். மேப் செய்த (எழுத்து கொடுத்து இணைத்த) நெட்வொர்க் டிரைவும் அட்மினாக ஓட்டும்போது பெரும்பாலும் தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதில், இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு முகவரியை எழுதுங்கள்.

யுஏசி கேட்கும்போது தினமும் 'யெஸ்' அழுத்த வேண்டாமென்றால், வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க் உருவாக்கி 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்து, அந்த டாஸ்க்கை ஸ்கிரிப்டிலிருந்து அழையுங்கள். யுஏசியை அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த டாஸ்க் ஓட்டும் ஃபைலை அட்மின் மட்டுமே திருத்த முடிகிற ஃபோல்டரில் வையுங்கள். மற்றவர்களும் திருத்த முடிந்தால், அதில் யார் எதை எழுதினாலும் அட்மின் அனுமதியோடு ஓடும்.