பிவா ஏரியைச் சுற்ற அந்த 30,000 யென் சைக்கிள் வேண்டாம்

கேள்வி: ஒசாகாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். நவம்பரில் நானும் மனைவியும் பிவா ஏரியைச் சைக்கிளில் சுற்றிவர ஆசைப்படுகிறோம். ஊரில் ஓட்டிய பழக்கம் உண்டு. இங்கே ஸ்டேஷனுக்கும் கடைக்கும் ஓட்டுவதோடு சரி. சாலையில் போனால் லாரி அடிக்கும், நடைபாதையில் ஏறினால் புதுச் சட்டத்தில் அபராதம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். ஒரே நாளில் முடியுமா? எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர், நாடு திரும்பியவர்கள் விட்டுப்போன ரோட் பைக் (வேகமாக ஓட்டும் சைக்கிள்) இரண்டை, ஒன்று 30,000 யென் வீதம் தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். லாரியை விட எனக்குப் பயம் தருவது அந்த அண்ணன்தான்.

ஜப்பானில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் திருட்டுத் தடுப்புப் பதிவு உண்டு. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும். போலீஸ்காரர் நிறுத்தினால் முதலில் அந்த எண்ணைத்தான் வயர்லெஸ்ஸில் கேட்பார். அங்கே உங்கள் பெயர் வரவில்லையென்றால், அது திருட்டு சைக்கிள் இல்லை என்று நடுரோட்டில் நின்று விளக்க வேண்டியது நீங்கள். வெளிநாட்டு முகத்தை அதிகமாக நிறுத்துகிறார்களா இல்லையா என்ற விவாதம் இருக்கட்டும். நிறுத்தும்போது உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.

முறையாகக் கைமாற வேண்டுமென்றால், பழைய உரிமையாளர் தன் பதிவை ரத்து செய்து, 'இன்னாருக்குக் கொடுத்தேன்' என்று கையெழுத்திட்ட மாற்றுச் சான்றைத் தர வேண்டும். அந்தத் தாளையும் சைக்கிளையும் உங்கள் குடியிருப்பு அட்டையையும் எடுத்துக்கொண்டு, பதிவு செய்து தரும் சைக்கிள் கடைக்குப் போனால் உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்கள். பதிவு மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. கியோட்டோவில் பதிந்த வண்டி ஒசாகாவுக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தக் கணினிக் காலத்திலும் ஜப்பான், ஒரு சைக்கிளின் உரிமையை இரண்டு மாகாணங்களுக்கு நடுவே நகர்த்த இன்னும் தாளும் கையெழுத்தும் கேட்கிறது. என்ன செய்ய!

சிக்கல் இங்கேதான். அண்ணன் விற்கும் வண்டிகளின் உரிமையாளர்கள் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ விமானம் ஏறிவிட்டார்கள். கையெழுத்து போட ஆள் இல்லை. இதை அண்ணன் சொல்லமாட்டார். கேட்டால், "இங்கே யாரும் அதெல்லாம் பார்க்கிறதில்லப்பா" என்பார். பட்டா மாறாத மனையை வாங்கிப் போட்டவர்களும் இதே வசனத்தைக் கேட்டுத்தான் வாங்கியிருப்பார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் இருப்பவரிடம் சும்மாவோ சில ஆயிரத்துக்கோ வாங்கி, அவர் கிளம்பிய பிறகு விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. தாள் கொடுத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் 'டி.எஸ். மார்க்' ஸ்டிக்கரைக் காட்டி, "இன்சூரன்ஸ் இருக்கு" என்பார்கள். அது கடைக்காரர் வண்டியைப் பரிசோதித்த நாளிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும். ஸ்டிக்கரில் தேதி எழுதியிருக்கும், படியுங்கள். ஒசாகாவிலும் சரி, ஏரி இருக்கும் ஷிகாவிலும் சரி, சைக்கிள் ஓட்ட இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம். அதற்காக யார் எதை நீட்டினாலும் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுத் தீ காப்பீட்டிலோ கார் காப்பீட்டிலோ 'தனிநபர் இழப்பீடு' என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கலாம். பெரும்பாலும் குடும்பம் முழுவதும் அதில் அடங்கும். முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

ஆக, வாடகைக்கு எடுங்கள். மைபாரா ஸ்டேஷனிலேயே வாடகை சைக்கிள் நிலையம் இருக்கிறது. ஒசாகாவிலிருந்து ஷின்கைசோகு என்ற விரைவு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பதிவு, காப்பீடு இரண்டும் அவர்கள் பாடு. (காப்பீட்டில் எது அடக்கம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.) சொந்த வண்டி என்றால் ரயிலில் ஏற்ற, சக்கரத்தைக் கழற்றி, முழுதும் மூடும் ஓர் உறைக்குள் போட வேண்டும். சீட் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் விதிப்படி செல்லாது. ஏரியைச் சுற்றுங்கள் என்று சைக்கிள்காரர்களைக் கூவிக் கூவி அழைக்கிறார்கள். சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறும்படி ஒரு பெட்டியை அந்த ரயிலில் ஒதுக்கலாமே என்றால் பதில் இல்லை. 'குரூப் புக்கிங் பண்ணித் தருகிறேன்' என்று அதே அண்ணன் இதற்கும் வருவார். நிலையத்திலேயே நேரடியாக முன்பதிவு செய்யலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

இனி ஏரி. பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, சுமார் 670 சதுர கி.மீ. ஷிகா மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான். சுற்றிலும் காடடர்ந்த மலைகள். இதிலிருந்து வெளியேறும் செதா ஆறுதான் யோடோ ஆறாகி உங்கள் ஊருக்கு வருகிறது. ஒசாகா வீட்டுக் குழாயில் நீங்கள் குடிப்பது இந்த ஏரியைத்தான். முழுச்சுற்று ஏறக்குறைய 200 கி.மீ. பிவா பாலத்துக்குத் தெற்கே இருக்கும் சிறு பகுதியை விட்டு, வடக்கு ஏரியை மட்டும் சுற்றினால் சுமார் 150. தெற்குப் பகுதி ஓட்சு, குசாட்சு நகரங்கள்; சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போவதுதான் மிச்சம். 200 முடித்தால்தான் சுற்றியதாகக் கணக்கு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். உங்களுக்கு 150 போதும்.

ஒரே நாளில் முடியாது. நவம்பரில் அங்கே மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் மொத்தம் பத்து மணி நேரம்தான். பழக்கமில்லாதவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால் மிதிப்பதற்கே அத்தனையும் போய்விடும். சாப்பாடு, பஞ்சர், படம் எடுப்பது எதற்கும் இடமில்லை. இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

திசை: ஏரி எப்போதும் உங்கள் இடது கையில் இருக்கட்டும். அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. ஜப்பானிலும் நம் ஊர் போலவே இடப்பக்கப் போக்குவரத்து. இந்தத் திசையில் போனால் நீங்கள் தண்ணீரை ஒட்டியே போவீர்கள். குறுக்குச் சாலையிலிருந்து வண்டி வருவது குறைவு. வலப்பக்கம் திரும்பும் தொல்லையும் அநேகமாக இல்லை. சாலையில் தீட்டியிருக்கும் நீல அம்புகளைப் பிடித்துக்கொண்டே போகலாம். எதிர்ப்புறமாகப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் ஏரியைப் பார்க்கும் ஆசையில் சாலையின் தவறான பக்கத்துக்கு மாறிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்கு அபராதம் 6,000 யென். எதிரே வரும் வண்டி அபராதத்தோடு விடாது.

உங்களை வாட்டுகிற நடைபாதைக் கேள்விக்கு வருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல், 16 வயது நிரம்பிய சைக்கிள்காரர்களுக்கும் 'நீலச் சீட்டு' அபராதம் வந்துவிட்டது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென். விதிமீறி நடைபாதையில் ஓட்டினால் 6,000. அடிப்படை விதி, சைக்கிள் சாலையின் இடது ஓரத்தில் போக வேண்டும் என்பது. ஆனால் இதற்கு விலக்கு உண்டு. உங்கள் பயத்துக்கு மருந்து அதில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நீல வட்டப் பலகையில் பெரியவர் ஒருவர் குழந்தையோடு நிற்பதும் கூடவே சைக்கிளும் வரைந்திருந்தால், அந்த நடைபாதையில் யாரும் ஓட்டலாம். ஏரியைச் சுற்றி இப்படிப்பட்ட பாதை நிறையவே உண்டு. பாதை வரைபடத்தில் விரைவாகப் போகிறவர்களுக்கு ஒரு வழியும் மெதுவாகப் போகிறவர்களுக்கு ஒரு வழியும் தனித்தனியே போட்டிருப்பார்கள்; நீங்கள் வெட்கப்படாமல் மெதுவானதையே பிடியுங்கள். பலகையே இல்லாத இடத்திலும், சாலை குறுகி, வண்டிகள் நெருக்கி, சாலையில் போவது ஆபத்து என்ற நிலை உண்மையாகவே இருந்தால் நடைபாதையில் ஏறலாம். சட்டமே இதை அனுமதிக்கிறது. ஆனால் 'எனக்குப் பயமாக இருந்தது' என்பது வேறு, 'அங்கே ஆபத்து இருந்தது' என்பது வேறு. அகலமான காலிச் சாலையில் பயத்துக்காக ஏறினால் விலக்கு செல்லாது. ஏறிய பிறகு சாலையை ஒட்டிய பாதியில் போக வேண்டும். சட்டென்று நிற்கக்கூடிய வேகம்தான், வேகமாக நடப்பவரை விடச் சற்றே கூடுதல். ஆள் எதிரே வந்தால் நிற்க வேண்டியது நீங்கள். மணி அடித்து விலகச் சொல்லக்கூடாது. ஆபத்தான பகுதி முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். வெறுமனே நடைபாதையில் ஓட்டியவரைப் பெரும்பாலும் எச்சரித்து அனுப்புவோம், வேகமாக ஓட்டி ஆட்களை மிரட்டியவருக்கே சீட்டு என்று காவல்துறை சொல்லியிருக்கிறது. எந்த இடம் 'தவிர்க்க முடியாத' இடம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. அதைச் செய்யாமல் அங்கே நிற்கும் போலீஸ்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவர் சட்டத்துக்குப் பாதசாரி. எந்தச் சீட்டும் அவர்மேல் ஒட்டாது.

லாரி பயம் நிஜமாகப் பொருந்தும் இடம் மேற்குக் கரையில் ஷிராஹிகே கோயில் முன்னால். ஏரிக்குள் சிவப்புத் தோரண வாயில் நிற்கும் படம் பார்த்திருப்பீர்கள், அதே இடம். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 161 நெருக்கிக்கொண்டு போகும். ஓரம் கிடையாது, லாரி நிற்காது. 2019இல் இந்தச் சுற்றை 'தேசிய சைக்கிள் பாதை' என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கு வந்த வேகம் இந்த இடத்துக்கு வரவில்லை. இங்கே படத்துக்காகச் சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள்.

இதை மனதில் வைத்துத்தான் பயணத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை மைபாராவில் வண்டி எடுத்து வடக்கே நாகஹாமா, கினோமோட்டோ. அதன் பிறகு நெடுஞ்சாலை 8இன் பெரிய சுரங்கத்தில் நுழையாமல், ஷிஸுகாட்டகே பழைய சுரங்கச் சாலைக்கு ஏறுங்கள். இந்தச் சுற்றில் மூச்சு வாங்கும் ஏற்றம் அந்தப் பக்கம்தான், மற்றதெல்லாம் சமதளம். அங்கிருந்து கைஸு-ஓசாகி வரை காடு தண்ணீர் வரை இறங்கி வரும். மிக அழகான பகுதி, கடைகளோ அரிது. கினோமோட்டோவிலேயே தண்ணீரும் ஓனிகிரியும் (சோற்று உருண்டை) வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகள் வரும், தின்பண்டத்தை வெளியே தொங்கவிடாதீர்கள். இரவு மகினோவிலோ இமாஸுவிலோ தங்குங்கள். ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பினால், லாரிகள் குறைவான நேரத்தில் ஷிராஹிகேயைக் கடந்துவிடலாம். பிறகு கட்டாட்டாவில் பிவா பாலம் ஏறி மொரியாமா, அங்கிருந்து கிழக்குக் கரையோரம் ஹிகோனே, மைபாரா. கிழக்குக் கரை அகலமாக, சலிப்பூட்டும் அளவுக்கு நேராகப் போகும்; மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பாதியில் போங்கள். மகினோவில் மெட்டாசெக்வோயா மரச்சாலை சிவப்பது மாதக் கடைசியில்தான். ஆனால் அப்போது கார் நெரிசலும் அதிகம், மேற்குக் கரையில் விட்டுவிட்டுப் பெய்யும் குளிர் மழையும் தொடங்கிவிடும். பலத்த காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் தள்ளிப்போடுங்கள். மேற்குக் கரையில் ஓடும் கோசெய் ரயிலே ஹிரா மலைக் காற்றுக்கு நின்றுபோவதுண்டு.

முன்பதிவு செய்யும்போது உங்கள் இருவர் உயரத்தையும் சென்டிமீட்டரில் சொல்லுங்கள். சிறிய ஃபிரேம் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, வார இறுதியில் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். மனைவிக்கு அளவான வண்டி கிடைக்கும் தேதியை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு விடுதிக்குப் பணம் கட்டுங்கள்.